மாமா பிள்ளைப்பேறு பார்க்கப் போனார்

நடந்தவற்றை ஒழுங்குபடுத்தினால் இப்படி வரும்:

1. வெளிநாட்டில் இருக்கும் மச்சாள், மாமாவின் மகள், கர்ப்பமானாள். முதல் பிள்ளை.
2. பிள்ளைப்பேறு பார்க்கத் தாய் போவது எங்கள் வழக்கம். ஆகவே மாமி போவதென்று முடிவாயிற்று.
3. மாமி தனியாகப் பயணம் செய்து பழகாதவர். ஆகவே மாமாவும் கூடப் போவதென்று முடிவாயிற்று.
4. மாமாவுக்கு அந்த நாட்டைக் கண்ணில் காட்டக் கூடாது.
5. இருவரும் அந்த நாட்டின் தூதரகத்துக்கு நேர்முகத்துக்குப் போனார்கள்.
6. மாமி அந்த நாட்டைப் புகழ்ந்தார். மாமா திட்டினார்.
7. மாமாவுக்கு விசா கிடைத்தது. மாமிக்குக் கிடைக்கவில்லை.

ஏழாவதை வாசிப்பவர்கள் நான் ஆட்களை மாற்றி எழுதிவிட்டதாக நினைக்கலாம். மாமாவும் அப்படித்தான் நினைத்தார். பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கரை மாற்றி ஒட்டிவிட்டார்கள் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

மாமா என் அம்மாவின் தமையன். என் பெற்றோர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கக் கொழும்புக்கு வந்த நாளிலிருந்து வெள்ளவத்தையில் மாமா வீட்டில் தங்கியிருக்கிறேன். படிப்பு முடிந்தபின் லிஃப்ட் பொருத்தும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அதன் வேலைத்தளம் ஒருகொடவத்தையில், கொள்கலன்கள் அடுக்கிய காணிகளுக்கு நடுவில். லிஃப்ட்டின் மூளை என்று சொல்லத்தக்க கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு வயர் இணைப்பது என் வேலை. வேலைக்குக் குறைவில்லை. வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒரு மாடிக்கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. வடக்கிலிருந்து வந்தவர்கள் வெளிநாடு போகும்வரை இருப்பதற்காக, ஏற்கெனவே வெளிநாடு போனவர்கள் அனுப்பிய காசில் கட்டப்படுபவை. போர் இல்லாவிட்டால் இத்தனை லிஃப்ட் தேவைப்படாது. இதை எங்கள் நிறுவனத்தில் யாரும் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

மாமா அரசாங்கத் திணைக்களமொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். தொழிற்சங்கக்காரர். அந்த நாட்டின் பெயரை அவர் வாயால் சொல்லமாட்டார். 'உவங்கள்' என்பார். வீட்டில் எல்லோருக்கும் அது போதும். நானும் இங்கே அந்த நாடு என்றே எழுதுகிறேன்.

அவருடைய குற்றச்சாட்டுகள் பலமானவை. உவங்கள் ஏழை நாடுகளில் குண்டு போடுகிறார்கள். போட்டபின் போர்வையும் பிஸ்கட்டும் போடுகிறார்கள். எங்கள் ஊர்மேல் பறக்கும் விமானங்களுக்கு உதிரிப்பாகம் விற்கிறார்கள், பிறகு இரு தரப்பும் பொறுமை காக்கவேண்டும் என்று அறிக்கை விடுகிறார்கள். இவற்றில் எதையும் நான் மறுக்கமாட்டேன். மாமா உவங்களுடைய சோடா குடிப்பதில்லை. பற்பசை பாவிப்பதில்லை. எங்கள் ஃபிளாட்டின் வாடகையை மச்சாள் அந்த நாட்டிலிருந்து அனுப்பினாள். அதை மாமா ஏற்றுக்கொண்டார். சனம் வேறு, அரசாங்கம் வேறு என்பது அவருடைய விளக்கம்.

பின்னேரங்களில் ரெயில் பாதையைக் கடந்து கடற்கரைப் பாறைகளில் உட்காருவார். கொட்டாஞ்சேனையிலிருந்து அவருடைய பழைய நண்பர் ஒருவர் பஸ் பிடித்து வருவார். துறைமுகத்தில் வேலை செய்தவர், கத்தோலிக்கர். அவருக்கு மூன்று மகன்கள், மூவரும் மூன்று பணக்கார நாடுகளில். "உலகத்தில எங்க சண்டை நடந்தாலும் நம்மட பெடியன் ஒருத்தன் வரி கட்டியிருப்பான் மச்சான்," என்பார். ஒருநாள் நான் வேலை முடிந்து அவர்களுக்குக் கடலை வாங்கிக்கொண்டு போனபோது நடந்த பேச்சு இது.

"நேத்து அவனுகள் போட்ட குண்டப் பாத்தியா மச்சான்? பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில."

"பாத்தன். காட்டுமிராண்டியள்."

"மனுசத்தன்மையே இல்ல."

"எப்ப இருந்தது?"

"சின்னவனுக்கு அங்க நிரந்தர வதிவிடம் கிடைச்சிட்டு."

"நல்லது, நல்லது. எந்த நகரத்தில?"

இருவரும் இதை மூச்சு விடாமல் பேசினார்கள். நான் கடலையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மச்சாள் கர்ப்பம் என்ற செய்தி வந்தபோது மாமி முதலில் அழுதார், பிறகு கொத்தமல்லி வாங்கினார். மச்சாளுடைய புருஷனுக்கு இரண்டு இடத்தில் வேலை. வீட்டில் இருக்கும் நேரம் நித்திரைக்கே காணாது. அங்கே ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்த மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம், குளிர்தண்ணீர் குடிக்கக் கொடுப்பார்களாம். குளிர்தண்ணீரைக் கேட்டு மாமி கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாமிக்கு இதில் வேறொரு கணக்கும் இருந்தது. மச்சாள் பிறந்தது ஒரு கலவரம் முடிந்த கையோடு. மாமியின் தாய் யாழ்ப்பாணத்தில், ரெயில் ஓடவில்லை. மாமிக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுக்கவும் ஆளில்லை. மாமா முட்டை அவிக்கத் தெரியாதவர். தன் மகள் அப்படிக் கிடக்கக் கூடாது என்பதை மாமி அதிகம் பேசவில்லை. ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார்.

"எனக்கு ஆரும் வரேல்லைப் பிள்ளை. அவளுக்கு நான் போகவேணும். அவ்வளவுதான்."

வெள்ளவத்தையில் எல்லாவற்றுக்கும் டியூஷன் உண்டு. கணிதத்துக்கு, ஆங்கிலத்துக்கு, விசா நேர்முகத்துக்கும். மூன்றாவதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. போய் வந்தவர்கள் போகப்போகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். நல்ல விடை என்று ஒன்று ஒழுங்கை ஒழுங்கையாக இறங்கி எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்திருந்தது: உங்கள் நாடு மிக அழகானது, ஆனால் எனக்கு இங்கே வீடும் கோயிலும் இருப்பதால் கட்டாயம் திரும்பி வருவேன். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் பாதிப்பேர் இதைத்தான் சொன்னார்கள். வாடகைக்கு இருப்பவர்களும் வீடு இருக்கிறது என்றே சொன்னார்கள்.

என்னை அதிகாரியாக இருக்கச் சொன்னார் மாமி. சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் மாமி. மாமா மூலையில் பத்திரிகை விரித்திருந்தார்.

"எங்கள் நாட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன்.

"நல்ல நாடு. நல்ல சனம். நல்ல சுவாத்தியம்."

"சுவாத்தியமோ?" என்றது பத்திரிகை. "வருசத்தில அரைவாசி ஐஸ்."

"நீங்கள் சும்மா இருங்கோ. நான் சோதினைக்குப் படிக்கிறன்."

"உவங்கள் எத்தினை நாட்டில படை வைச்சிருக்கிறாங்கள் எண்டு அவனைக் கேளும். அதுவும் பொது அறிவுதானே."

"பிள்ளை, நீ அடுத்த கேள்வியைக் கேள்."

மாமாவை ஒத்திகைக்கு உட்கார வைக்க முடியவில்லை. உண்மைக்கு என்ன ஒத்திகை என்றார். கடைசியில் மாமி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார். மாமா எதற்கும் 'ஓம்' என்று மட்டும் சொல்லவேண்டும். மாமா அதற்கும் ஓம் என்றார், ஆகவே நாங்கள் நம்பினோம்.

நேர்முகத்தன்று நான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வாசல்வரை போனேன். மாமி ஒரு பையைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தார். பத்திரங்கள் என்று நினைத்தேன். பாதுகாப்புக் காவலர் அதைத் திறந்தபோதுதான் தெரிந்தது. வறுத்த கொத்தமல்லி, மிளகு, நற்சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள் என்று பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்கும் சரக்குகள். ஒவ்வொன்றும் தூளாக்கி, ஒவ்வொரு பொலித்தீனில் கட்டி. போர்க்காலத்தில், தூதரக வாசலில், கட்டுக் கட்டாகத் தூள்.

"மே மொகத, அம்மா?" இது என்ன என்றார் காவலர்.

"பெஹெத், மாத்தயா," என்றார் மாமி. மருந்துதான் என்று சொல்கிறார். பிறகு தெரிந்த சிங்களம் முழுவதையும் கூட்டி, "துவட்ட பபெக்," மகளுக்குப் பிள்ளை, என்றார்.

அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் நாயைக் கொண்டுவந்தார். நாய் முதலில் மிளகில் மூக்கை வைத்தது. பிறகு நெடுநேரம் தும்மியது. அதன்பின் எந்தப் பொதியையும் அது ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது. காவலர்கள் சிரித்துவிட்டார்கள், ஆனால் பையை உள்ளே விடவில்லை.

"மாமி, இதை ஏன் இஞ்ச கொண்டு வந்தனீங்கள்?"

"உதைக் காட்டினால்தானே பிள்ளைப்பேறுக்குத்தான் போறன் எண்டு நம்புவினம். வேற என்னத்தைக் காட்டுறது?"

பையை வாங்கிக்கொண்டு மரத்தடியில் நின்றேன்.

உள்ளே நடந்ததை மாமா ஒருவிதமாகவும் மாமி ஒருவிதமாகவும் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

மாமி விடையை ஒரு பிழையும் இல்லாமல் சொன்னார். அதிகாரி தலையை உயர்த்தவில்லை. அன்று காலையிலிருந்து அதே விடையை எத்தனை பேரிடம் கேட்டாரோ. "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்றார். ஒன்று என்றார் மாமி. "அவர் எங்கே?" என்றார். உங்கள் நாட்டில் என்றார் மாமி. அதிகாரி எதையோ எழுதினார்.

பிறகு மாமா. மாமாவுக்கு ஆங்கிலம் நன்றாக வரும், முப்பது வருடம் அதில் கடிதம் எழுதியவர். ஆனால் உவங்களுடைய மொழியில் பேசமாட்டேன் என்று சொல்லி ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார். ஒரு தமிழ்ப் பெண் வந்து உட்கார்ந்தார். திரும்பி வருவீர்களா என்பது கேள்வி. ஓம் என்றால் முடிந்திருக்கும்.

"உங்கட நாட்டில இருக்க எனக்கென்ன விசரோ?" என்றார் மாமா.

அந்தப் பெண் அதை, இவருக்கு இங்கே இருக்கத்தான் விருப்பம் என்ற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னார். மாமா அவரை நிறுத்தினார். அது பிழை என்று ஆங்கிலத்திலேயே திருத்தினார். பிறகு தமிழில் தொடர்ந்தார். விமானம், உதிரிப்பாகம், போர்வை, பிஸ்கட் எல்லாம் வந்தன. பெண் மென்மையாக்கிக்கொண்டே போனார், மாமா கடினமாக்கிக்கொண்டே போனார். மகள் கேட்டாள் என்பதற்காக வருகிறேன், பிள்ளை பிறந்த மறுநாளே விமானம் இருந்தால் ஏறிவிடுவேன், உங்கள் காற்றைச் சுவாசிக்கவே எனக்கு மனமில்லை என்றார். இந்த இடத்தில் அதிகாரி முதன்முறையாகத் தலையை உயர்த்தி, பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம். மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாராம்.

பின்னேரம் பாஸ்போர்ட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். மாமாவினதில் ஸ்டிக்கர். மாமியினதில் ஒரு அச்சடித்த கடிதம்: நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதில் எமக்குத் திருப்தியில்லை.

வேலைத்தளத்தில் ஒரு பெட்டி பிழையாக இயங்கினால், யாரையும் திட்டாமல், உள்ளே போனது என்ன, வெளியே வந்தது என்ன என்று பார்க்கப் பழக்கியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அந்த அதிகாரியில் பிழையில்லை. அவருக்கு ஒரே கேள்விதான்: இந்த ஆள் திரும்பி வருவாரா? ஒரே பிள்ளை அங்கே இருக்கிற தாய் வரமாட்டாள். நாட்டையே வெறுக்கிற கிழவர் வருவார். போதாக்குறைக்கு மனைவி இங்கே இருக்கிறார், இன்னும் கட்டாயம் வருவார். இதை நான் சொன்னபோது மாமா பத்திரிகையை மடித்து வைத்தார்.

"அப்ப நான் உவங்களுக்கு நல்ல ஆளோ?"

"நம்பிக்கையான ஆள், மாமா."

அவரை அவ்வளவு அவமானப்பட்டு நான் பார்த்ததில்லை. மறுநாள் விசாவைத் திருப்பிக் கொடுக்கப்போவதாகக் கிளம்பினார். மாமி கதவை மறித்து நின்றார்.

"எங்க போறீங்கள்?"

"கொள்கை எண்டு ஒண்டு இருக்கு."

"இருக்கட்டும். அவள் அங்க தனியக் கிடக்கிறாள். நான் போகேலாது, நீங்கள் போகலாம். அப்ப நீங்கள்தான் போறீங்கள்."

"பிள்ளைப்பேறுக்கு ஆம்பிளையோ? உலகம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். உவங்கட வெளிநாட்டுக் கொள்கையைப் பிறகு பாப்பம். முதல்ல அவளின்ர பாலைப் பாப்பம்."

மாமா செருப்பைக் கழற்றினார்.

செய்தி ஒழுங்கையில் பரவிற்று. திட்டினால் விசா கிடைக்கிறது என்று. லொட்ஜ்களில் காத்திருந்தவர்கள் படியேறி வரத் தொடங்கினார்கள். "அங்கிள், நீங்கள் சொன்னதை அப்பிடியே எழுதித் தாங்கோ," என்றான் ஒருவன், கொப்பி பேனையோடு. மாமாவுக்குக் கோபம் வந்தது. "விசாவுக்குத் திட்டுறதோ? மனதில இல்லாமல் திட்டி என்ன பிரயோசனம்?" என்றார். ஆனால் உலக அரசியலை ஆர்வமாகக் கேட்க ஆள் கிடைத்தால் அவரால் பேசாமல் இருக்க முடியாது. ஒரு வாரம் வீட்டில் வகுப்பு நடந்தது. நான் வேலையால் வரும்போது இருக்க இடமில்லை. பலன் நல்லதாக வரவில்லை. கொப்பிக்காரனைப் பேச்சின் நடுவிலேயே காவலர்கள் வெளியே கொண்டுவந்து விட்டார்கள். ஒரு அக்கா பதற்றத்தில் நாட்டை மாற்றி, வேறொரு நாட்டைத் திட்டிவிட்டார். அதிகாரி அதை மிகவும் ஆர்வமாகக் கேட்டு, ஒப்புக்கொண்டு, விசாவை மறுத்தார்.

வகுப்பு குசினிக்கு மாறியது. இப்போது ஆசிரியர் மாமி, மாணவர் மாமா.

"எவ்வளவு நேரம் வறுக்கிறது?"

"மணம் வரும்வரைக்கும்."

"எது மணம்?"

"முப்பது வருசமாச் சாப்பிடுறீங்கள். மணம் தெரியாதோ?"

முதல் நாள் மிளகு கருகிப் பக்கத்து ஃபிளாட்காரர் தும்மினார்கள். இரண்டாம் முறை மஞ்சள் கூடியது. உள்ளி உரிக்கும்போது மாமா ஒரு வல்லரசின் எண்ணெய் அரசியலை விளக்கினார். மாமி, தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார். பால் ஊறுவதற்குச் சுறாதான் நல்லது, ஆனால் அங்கே சுறா கிடைக்குமா என்று மாமாவுக்குச் சந்தேகம்.

"எண்ணெய் தேடி உலகம் முழுக்கக் கப்பல் விடுறவங்களுக்கு ஒரு சுறா பிடிக்கேலாதோ? கேட்டு வாங்குங்கோ."

மாமா சிரித்துவிட்டார். உவங்களைப் பற்றி மாமி சொன்ன முதல் அரசியல் கருத்து அது.

வழியனுப்ப வந்த கொட்டாஞ்சேனை நண்பர் இன்னொரு நியாயம் கொண்டுவந்தார். "நம்மட தேயிலை, ரப்பர், ஒண்ணும் விடாம அள்ளிக்கிட்டுப் போனவங்கதானே மச்சான். நீ போய் ரெண்டு மாசம் அவங்கட ஹீற்றர்ல குளிர்காஞ்சிட்டு வா. கணக்கு சரி." இந்த நியாயம் கொழும்பில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. விசா கிடைத்த மறுநாள் அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டுவார்கள்.

"நான் குளிர்காயப் போகேல்லை," என்றார் மாமா. "சமைக்கப் போறன்."

மாமா போய்ச் சேர்ந்த அடுத்த வாரமே பெண்பிள்ளை பிறந்தது. மச்சாள் தொலைபேசியில், "அப்பா நல்லாச் செய்யிறார் அம்மா, கொஞ்சம் உறைப்புத்தான், மிளகு கூடிப்போகுது," என்றாள். சுறா கிடைத்ததாம். ஒரு சீனக் கடையில், ஐஸ் பெட்டிக்குள். மாமா மணம் வரும்வரை வறுத்தாராம், மணம் வந்தபோது வீட்டுக் கூரையில் இருந்த புகைமணி அடித்ததாம், தீயணைப்புக்காரர் வந்தார்களாம். திட்டாமல் போனார்களாம். மாமி இதையெல்லாம் கேட்டுச் சிரித்தார். பிள்ளை அழும் சத்தம் கேட்டதும் சிரிப்பை நிறுத்தி, தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டுக் குசினிக்குப் போனார்.

அப்போதுதான் மாமா என்னோடு பேசினார். குரல் தணிந்திருந்தது. கொழும்பில் தமிழர் அடையாள அட்டை இல்லாமல் தெருவில் இறங்கினால் அன்றிரவு பொலிஸ் நிலையத்தில்தான்.

"பிள்ளை, நான் இண்டைக்கு ஐடென்ரிற்றி காட் எடுக்காமல் வெளிய போட்டு வந்தனான்."

"மறந்திட்டீங்களோ?"

"மறந்துதான் போனனான். பாதி வழியிலதான் ஞாபகம் வந்தது. அப்பிடியே நிண்டிட்டன். சேர்ட் பொக்கற்றைத் தடவிப் பாத்தன். ஒரு பொலிஸ்காரனும் வந்தவன். குட் மோர்னிங் எண்டான், போனான்." பிறகு மறுபடியும் சொன்னார்: "குட் மோர்னிங் மட்டும்தான் பிள்ளை."

ஏன் எல்லோரும் தாங்கள் திட்டுகிற நாடுகளுக்கே போகிறார்கள் என்று என்னிடம் கேட்டால், தேயிலைக் கணக்கையோ சனம் வேறு அரசாங்கம் வேறு என்பதையோ நான் சொல்லமாட்டேன். இந்தத் தொலைபேசிப் பேச்சைச் சொல்வேன். உவங்களுடைய கொள்கை உவங்களுடைய தெருவில் நடப்பதில்லை. எங்கள் தெருவில் நடக்கிறது. கொள்கை வந்து விழாத இடம் எது என்று பார்த்தால், அது புறப்படுகிற இடம்தான்.

அதே கிழமை எங்கள் கட்டடத்தில் பொலிஸ் சோதனை நடந்தது. விடிந்ததும் வந்தார்கள். கொழும்பில் தங்கும் தமிழர் கொடுக்கவேண்டிய பொலிஸ் பதிவில் மாமாவின் பெயர் இருந்தது, ஆள் இல்லை. எங்கே என்று சார்ஜன்ட் கேட்டார். அந்த நாட்டுக்கு, மகளின் பிள்ளைப்பேறு பார்க்க என்று நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் என்னை இன்னொருமுறை சொல்ல வைத்தார். பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டுத் தானே சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். போகும்போது படியில் என்னை நிறுத்தி, தன் மகனும் ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு நிற்கிறான், அந்த நாட்டுக்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டார். முதல் நாள்தான் அந்த நாட்டைக் கண்டித்து சிங்களக் கட்சிக்காரர்களும் கோட்டையில் ஊர்வலம் போயிருந்தார்கள்.

பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் முடிந்து துடக்கு என்கிற தீட்டைக் கழித்தார்கள். மாமா வரும் நாள் நெருங்கியது. மாமி அவருக்குப் பிடித்த மாங்காய் ஊறுகாய் போட்டார். வருவதற்கு முதல் வாரம் மாமா தொலைபேசி எடுத்தார், ஒலிபெருக்கியில் போடச் சொன்னார், காரணங்களை ஒழுங்காகச் சொன்னார். ஒன்று, மச்சாள் திரும்ப வேலைக்குப் போகவேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. இரண்டு, எங்கள் கட்டடத்தில் நடந்த சோதனை. மூன்று, உவங்களுக்கு எதிராக உவங்களுடைய பாராளுமன்றத்துக்கு முன்னால் ஊர்வலம் போனாராம். பொலிஸ்காரர் கூடவே நடந்துவந்து வாகனங்களை நிறுத்தி வழிவிட்டார்களாம்.

"உவங்களைத் திட்ட உலகத்தில இதைவிட வசதியான இடமில்லை," என்றார். "அதால நான் இஞ்சயே இருக்க விண்ணப்பிச்சிருக்கிறன்."

மாமி எல்லாவற்றையும் கேட்டார்.

"அதெல்லாம் சரி. நான்?"

அந்தப் பக்கத்தில் பிள்ளையைத் தோளில் தட்டும் சத்தம் கேட்டது.

"உம்மைக் கூப்பிடுவன்," என்றார் மாமா.

"எப்ப?"

"வழக்கு முடிஞ்ச உடனே."

வழக்கு இலேசில் முடியவில்லை. நேர்முகத்தில் மாமா சொன்னதெல்லாம் எழுத்தில் இருந்தது. ஒருநாள்கூடத் தங்கமாட்டேன் என்று சொன்னவர் ஏன் இப்போது தங்கக் கேட்கிறார் என்று அங்கே கேட்டார்களாம். அவருடைய சட்டத்தரணி முழுவதையும் வாசித்துவிட்டு, வழக்கு முடியும்வரை வாயைத் திறக்கவேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாராம். அடுத்த மாதம் அங்கிருந்து வந்த தமிழ்ப் பத்திரிகையொன்றில் மாமாவின் படம் இருந்தது. பனியில், பெரிய ஜாக்கெட்டோடு, சுலோக அட்டை பிடித்தபடி. மாமி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தொப்பி போடேல்லை. தடிமன் பிடிக்கப்போகுது."

பிறகு ஒரு நாள், உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: "என்னை விட்டிருந்தால் துடக்குக் கழிச்ச அண்டைக்கே நான் வெளிக்கிட்டிருப்பன். எனக்கு அந்தக் குளிரில என்ன வேலை? பிள்ளையையும் அவளையும் எழுப்பி விட்டிட்டு வந்திருப்பன்."

"அதை நீங்கள் அந்த அதிகாரிக்குச் சொல்லியிருக்கலாம்."

"வீடு, கோயில் எண்டுதானே சொல்லித் தந்தவை. ஆர் இருக்கினம் எண்டு அவன் கேக்கேல்லை. நீ இஞ்ச இருக்கிறாய் எண்டு சொல்ல எனக்கும் அந்த நேரம் வரேல்லை."

மடித்த உடுப்பை என் பக்கம் தள்ளினார். நான் அலமாரியில் அடுக்கினேன்.

இப்போதைய நிலவரம் இது. மாமாவின் வழக்கு இரண்டாம் விசாரணைக்குத் தள்ளிப் போடப்பட்டிருக்கிறது. அவர் பகலில் பேத்தியைப் பார்க்கிறார், சனிக்கிழமைகளில் ஊர்வலம் போகிறார். கொட்டாஞ்சேனை நண்பர் மூத்த மகனிடம் போய்விட்டார். மாமி இரண்டாம் முறை விண்ணப்பித்தார். அதற்கும் அதே அச்சடித்த கடிதம்தான் வந்தது, இப்போது புருஷனும் அங்கே இருப்பது கூடுதல் காரணம். மின் தொழில்நுட்பம் படித்தவர்களை அந்த நாடு எடுக்கிறது, நீயாவது போடு என்று மாமா ஒவ்வொரு அழைப்பிலும் சொல்கிறார். விண்ணப்பித்தால் எனக்குக் கிடைக்கும் என்றே நினைக்கிறேன். அந்த நாட்டின் கொள்கையைப் பற்றிய என் அபிப்பிராயமும் மாறவில்லை. ஆனால் நான் போனால் வீட்டில் மாமி தனி. ஆகவே போடவில்லை. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள். மாமி அவளை இன்னும் பார்க்கவில்லை.